கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பிள்ளை தொலைந்துவிடும் என்று தறிக்காரி பயப்படவில்லை. கப்பலை விட்டுப் பிள்ளை எங்கே போய்விடும், நாலா பக்கமும் தண்ணீர். அவளுடைய பயமே வேறு. பிள்ளையை ஒருத்தி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஒருத்தி வேறு யாருமில்லை, வாய்க்கு வாய் 'நீ எனக்குத் தங்கச்சி மாதிரி' என்று சொல்லும் நாத்தனார்தான்.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்குத்தான் கால் வைக்கிறீர்கள் என்றால் முன்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். நாத்தனாரின் கணவர் மோட்டார் கடை வைத்திருக்கிறார். தறிகளுக்கான மோட்டாரை மற்றக் கடைக்காரர்களைவிட அதிகமாக விற்றதற்காகக் கம்பெனி அவரைக் குடும்பத்தோடு கப்பலில் அனுப்பிவைத்தது. குடும்பம் என்றால் யார் யார் என்று கம்பெனி கேட்கவில்லை. நாத்தனார் தன் தம்பியையும் தம்பி மனைவியையும் அவர்களுடைய ஒரே மகளையும் சேர்த்துக்கொண்டாள். நாத்தனாருக்குப் பிள்ளை இல்லை.

தம்பி வீட்டில் எட்டுத் தறி ஓடுகிறது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவன் தறிகளைப் பழுது பார்ப்பான், அவன் மனைவி தறிக்காரி ஓட்டுவாள். எந்தத் தறியில் சத்தம் மாறுகிறது என்று அடுப்படியில் நின்றுகொண்டே சொல்லிவிடுவாள். காது அவ்வளவு கூர்மை. மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் அவள் நாடா. தறியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூலை இழுத்துக்கொண்டு பறக்குமே, அந்த நாடா. நடக்கக் கற்றதிலிருந்து அவளும் ஓர் இடத்தில் நின்றதில்லை.

கப்பல் கிளம்பிய அன்று, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோரையும் மேல்தளத்தில் நிறுத்தி, மிதவைச் சட்டை மாட்டிப் பழக்கினார்கள். சங்கு ஊதியதும் மற்றக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அலறின. நாடா மட்டும் சட்டையின் வாரைக் கடித்துக்கொண்டு கடலை வேடிக்கை பார்த்தாள். "தறி வீட்டுப் பிள்ள. சத்தத்துக்கெல்லாம் அசருமா?" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் தறிக்காரி பெருமையாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அதைத் தறிக்காரி அப்போதே மனசில் முடிந்துவைத்துக்கொண்டாள்.

அடுத்து வந்தது பிள்ளைகள் அறை. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது பிள்ளைகளை விட்டுவைக்க மேல்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. நாடாவை அங்கே சேர்த்தாயிற்று என்று நாத்தனார் வந்து சொன்னபோது தறிக்காரிக்குச் சுருக்கென்றது. பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாமளும் கொஞ்சம் ஓய்வா இருக்க வேண்டாமா?" என்றாள் நாத்தனார்.

"எம்பிள்ளகூட இருக்கறதுதான் அண்ணி எனக்கு ஓய்வு."

"விடு, நாலு பிள்ளைங்களோட பழகட்டும்" என்று கணவன் இடையில் புகுந்தான். அவன் எந்தக் காலத்தில் அக்கா பேச்சைத் தட்டியிருக்கிறான்?

இன்று காலை அறை வாசலில் நாடாவின் செருப்பைக் கழற்றி அடுக்குப் பெட்டியில் வைத்தபோது தறிக்காரி இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அறை ரொம்ப அழகு. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், உள்ளே பஞ்சுத் தரை, பந்துகள் நிறைந்த தொட்டி, குட்டி நாற்காலிகள். பார்த்துக்கொள்ளும் பெண் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். சிரித்த முகம். அந்தச் சிரிப்பையும் தறிக்காரி நம்பவில்லை.

பிள்ளையை விடுபவர்களுக்கு ஒரு கைப்பட்டை தருவார்கள். பட்டையைக் காட்டினால்தான் பிள்ளையைத் திரும்பக் கூட்டிப்போக முடியும்.

"உங்க பாப்பாவுக்கு மூணு பட்டை குடுத்திருக்கோம். பத்திரமா வச்சுக்குங்க" என்றாள் மஞ்சள் சட்டை.

"மூணா? நானும் அவங்க அப்பாவும்தானே?"

"அத்தைக்கும் ஒண்ணு இருக்குதுங்க. அவங்கதான் முதல்ல வாங்கினாங்க."

தறிக்காரி தன் பட்டையை மணிக்கட்டில் இறுக்கி மாட்டிக்கொண்டாள். அதோடு இன்னொன்றையும் பார்த்தாள். மற்றப் பிள்ளைகளை மஞ்சள் சட்டை நின்ற இடத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாடாவிடம் மட்டும் நடந்து வந்து, எதிரே மண்டியிட்டு, தோளைத் தொட்டு, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசினாள். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கு இத்தனை பேர் நடுவே அப்படி என்ன தனி மரியாதை? யார் சொல்லி வைத்தது?

காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவளுக்கு விடை பாதி கிடைத்தது.

அது எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். தறிக்கொட்டகையில் பேச்சு காதுக்கு எட்டாது. எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. எதிரே வந்து நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். மிச்சத்தைக் கை சொல்லும். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடு ஒன்று துடைத்துக் காட்டினால் எல்லாம் தீர்ந்தது, தறியை நிறுத்து. தறிக்காரி எட்டாவது தறிக்கு அப்பால் நிற்பவனின் உதட்டைக்கூடப் படித்துவிடுவாள்.

மோட்டார் கடைக்காரர் வழக்கம்போல் தட்டோடு நாலாவது தடவை வரிசையில் நின்றார். டீ எடுக்கும் இடத்தில் அக்காவும் தம்பியும் ஒதுங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்கத் தட்டுச் சத்தம். தறிக்காரி மேசையில் இருந்தபடியே பார்த்தாள்.

நாத்தனாரும் அதே தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அந்த வீட்டில் ரகசியம் பேசுகிறவர்கள் வாயை மறைத்துக்கொள்வார்கள். நாத்தனார் டீ டம்ளரை உதட்டுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாள். ஒரு மடக்கும் குடிக்கவில்லை. ஆறிப்போன டீயை ஒருத்தி இவ்வளவு நேரம் உதட்டில் வைத்துக்கொண்டிருப்பாளா? ஆனால் தம்பிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. வாயை மறைக்க அவனுக்கு மறந்துபோனது. அவன் உதடு பளிச்சென்று தெரிந்தது.

'இறங்கினதும் நேரா உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடலாம்.'

டம்ளருக்குப் பின்னால் நாத்தனார் என்னவோ கேட்டாள்.

'அவகிட்ட இப்ப சொல்ல வேண்டாம். ஒத்துக்க மாட்டா.'

மறுபடி டம்ளர்.

'அழுவாக்கா. என்ன பண்றது. பிள்ளைக்கு நல்லதுன்னா அழுதுதான் ஆகணும்.'

தறிக்காரி கையில் இருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கு முன்மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். போன விடுமுறையில் நாடா நகரத்தில் அத்தை வீட்டில் தங்கிவிட்டு வந்ததும், 'இவள எங்கிட்டயே விட்டுடேன், நல்ல பள்ளிக்கூடத்துல சேத்து நான் படிக்க வைக்கறேன்' என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டாள். கேலியாவது ஒன்றாவது. கட்டிய கணவனையும் கைக்குள் போட்டுக்கொண்டு, கப்பலில் ஏற்றி, பிள்ளையைக் காதும் காதும் வைத்தாற்போல் கொண்டுபோகத் திட்டம் நடக்கிறது.

கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்தாள். கேட்டால் இருவரும் சேர்ந்து இல்லை என்பார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மதியம் பிள்ளையை அவளே போய் அழைத்து வந்தாள். தங்களுடைய சின்ன அறைக்குள் வந்ததும் நாடா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, காலியான காகித டம்ளர் ஒன்றை முன்னால் வைத்தாள். பையிலிருந்து மரக்கட்டை ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அசையாமல் காத்திருந்தாள். ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கட்டையை டம்ளருக்குள் போட்டுவிட்டு, தானே கை தட்டிக்கொண்டாள்.

தறிக்காரி அவள் எதிரே உட்கார்ந்தாள். "என்ன விளையாட்டு இது?"

நாடா அம்மாவின் வாயைப் பார்த்தாள். "அத்த விளையாட்டு." அவளுடைய பேச்சில் பாதி எழுத்து வாய்க்குள்ளேயே தங்கிவிடும். மழலை இன்னும் போகவில்லை என்று எல்லோரும் கொஞ்சுவார்கள்.

"எதுக்கு கட்டையப் போடணும்?"

நாடா உதட்டைப் பிதுக்கினாள். தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, "அத்த தல ஆட்டும், போடணும்" என்றாள்.

"யாருக்காக இதப் பழகறீங்க?"

"மாமா. வெள்ள சட்ட மாமா." அவ்வளவுதான். விரலை உதட்டில் வைத்து ரகசியம் என்று காட்டிவிட்டுக் கட்டிலில் குதிக்கத் தொடங்கினாள்.

வெள்ளைச் சட்டை மாமா. பள்ளிக்கூடத்துக்காரனா? வக்கீலா? அத்தை தலையாட்டினால் ஆடும் பொம்மையாகப் பிள்ளையைப் பழக்கி, யார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்கள்? 'யார்கூட இருக்க ஆசை?' என்று அந்த மாமா கேட்டால், பிள்ளை அத்தையின் தலையைப் பார்த்துப் பதில் சொல்லுமோ?

கணவன் குளித்துவிட்டு வந்தான். "உங்க அக்கா நம்ம பிள்ளைக்கு என்னமோ சொல்லிக் குடுக்கறாங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைக்க வேண்டியதற்கு மேலேயே துடைத்தான். "பிள்ளைங்க விளையாட்டு. அதப்போய் பெருசு பண்ணிக்கிட்டு."

"யாருங்க அந்த வெள்ள சட்ட மாமா?"

"எந்த மாமா? கப்பல்ல பாதிப் பேர் வெள்ள சட்டதான் போட்டிருக்கான்." சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உதட்டைப் படித்து வாழும் குடும்பத்தில் முகத்தைத் திருப்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சாயங்காலம் நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். தறிக்காரி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தலவலியா? நீ தூங்கு. இவள நான் மேல விட்டுட்டு வர்றேன்."

"சரிங்க அண்ணி."

கதவு சாத்தியதும் எழுந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கம்பளம் விரித்த நடையில் பின்னாலேயே போனாள். ஒரு திருப்பத்தில் துடைப்பத்தோடு நின்ற பணியாள் அவளுடைய கையில் இருந்த செருப்பைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது?

பிள்ளைகள் அறைக்கு வெளியே கப்பலின் படம் போட்ட பெரிய பலகை ஒன்று நின்றது. அதன் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது, சத்தம்தான் வரவில்லை. அது அவளுக்குப் பழகிய நிலைதான்.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் நாடாவுக்கு எதிரே உட்கார்ந்து, பிள்ளையின் கவனம் படத்தை விட்டு நகராதபடி துண்டு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் சட்டை பின்பக்கம் போய் நின்றாள். அவள் கையில் இரண்டு மரப்பலகைகள். ஒன்றோடொன்று அடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் துள்ளித் திரும்பிப் பார்த்தார்கள். நாடா திரும்பவில்லை.

மஞ்சள் சட்டை இன்னும் கிட்டே வந்தாள். மறுபடி அடித்தாள். நாடா படத்தில் ஒரு மீனுக்கு வாலைப் பொருத்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் மஞ்சள் சட்டையை நிமிர்ந்து பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைப்பதெல்லாம் நாடகம் என்று தறிக்காரி முடிவு கட்டினாள்.

அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளையைத் திரும்பாமல் இருக்கப் பழக்குகிறார்கள். என்ன சத்தம் கேட்டாலும், யார் கூப்பிட்டாலும், அத்தை முகத்தை மட்டும் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கும்போது பெற்றவள் பின்னால் நின்று கதறினாலும் திரும்பாமல் போக வேண்டும். இதற்கு ஓர் அறை, ஒரு மஞ்சள் சட்டை, மூன்றாவது கைப்பட்டை.

பலகையின் பின்னாலிருந்து வெளியே வந்து கதவைத் தள்ளினாள்.

"நாடா."

அறையிலிருந்த மற்றப் பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். மஞ்சள் சட்டை பார்த்தாள். நாத்தனார் பார்த்தாள். நாடா மீனுக்கு வாலைப் பொருத்தி முடித்துவிட்டு அடுத்த துண்டைத் தேடினாள்.

"பாத்தீங்களா?" என்றாள் தறிக்காரி. "பெத்தவ கூப்பிட்டாலும் திரும்பக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாச்சு. எத்தன நாளா அண்ணி நடக்குது இந்தப் பாடம்?"

"இல்லீங்க, அது வந்து" என்று மஞ்சள் சட்டை ஆரம்பித்தாள். நாத்தனார் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"நீ இன்னொரு தடவ கூப்பிடு" என்றாள் தறிக்காரியிடம். "கோபத்துல கத்தாத. வீட்டுல எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு."

தறிக்காரி வாயைத் திறந்தாள்.

வீட்டில் எப்படிக் கூப்பிடுவாள்? யோசித்துப் பார்த்தாள். தோளைத் தொடுவாள். பலகைத் தரையைக் காலால் ஓங்கி மிதிப்பாள், அந்த அதிர்வில் பிள்ளை திரும்பும். விளக்கை அணைத்துப் போடுவாள். இல்லையென்றால் நேராக நடந்து போய் முகத்துக்கு எதிரே நிற்பாள். வீட்டில் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தறி ஓடும் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன பயன்? ஐந்து வருஷத்தில் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஒரு தடவைகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

"நாடா" என்று கூப்பிட்டாள். பிறகு ஓர் அடி முன்னால் வந்து, "நாடாக் கண்ணு." இன்னும் ஓர் அடி. பிள்ளையின் தலைமுடி அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்தது. "அம்மா கூப்பிடறேன் பாரு."

பிள்ளை திரும்பவில்லை. கப்பல் அறை அமைதியாக இருந்தது. இவ்வளவு அமைதியான இடத்தில் தாயும் மகளும் சேர்ந்து இருந்ததே இதுதான் முதல் தடவை.

தறிக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. "லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தாளே, அப்பதான் தெரிஞ்சுது. மத்தியானம் தூங்கிட்டு இருந்தா. பரண்ல இருந்து பாத்திரம் பூரா சரிஞ்சு விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. இவ புரண்டுகூடப் படுக்கல."

"தறி வீட்டுப் பிள்ள. சத்தத்துல தூங்கிப் பழகினவ" என்றாள் தறிக்காரி. சொல்லும்போதே அந்தப் பேச்சு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"நானும் அதே தறி வீட்டுல பொறந்தவதான். நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் ஒவ்வொண்ணா பாத்தேன். எதுக்க நின்னா எல்லாம் புரியுது. பின்னாடி நின்னா எதுவும் இல்ல. நம்ம எல்லார் வாயையும் பாத்தே பிள்ள வளந்திருக்கு. நம்ம வீடு வேற மாதிரி வீடா இருந்தா ஒரு வயசுலயே தெரிஞ்சிருக்கும்."

"அந்தக் கட்ட விளையாட்டு?"

"காது டாக்டர், வெள்ள சட்ட மாமான்னு இவகிட்ட சொல்லியிருக்கேன், அப்படித்தான் பாப்பாராம். சத்தம் கேட்டா கட்டையப் போடணும். அங்க போய் மிரளக்கூடாதுன்னு பழக்கினேன். அவளுக்குத்தான் சத்தமே கேக்கலியே. நான் தலையாட்டறதப் பாத்துப் போட்டுட்டா." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இங்க பிள்ளைங்களப் பாத்துக்கற இந்தப் பொண்ணு முதல் நாளே கண்டுபிடிச்சு எங்கிட்ட வந்து கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு நான்தான் கெஞ்சினேன்."

"எங்கிட்டயும் சொல்லக்கூடாதா அண்ணி?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?" நாத்தனார் அவளை நேராகப் பார்த்தாள். "பிள்ள இல்லாதவ பிள்ளைக்கு ஆசப்படறா, நோய் இருக்குதுன்னு சொல்லித் தூக்கிட்டுப் போகப் பாக்கறான்னுதானே நெனச்சிருப்ப. இப்பகூட அப்படித்தானே செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வந்து நின்ன."

தறிக்காரி தன் கையைப் பார்த்தாள். செருப்பு இன்னும் கையில்தான் இருந்தது. அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. நாத்தனார் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய வலி வேறு. எட்டுத் தறியில் எது இளைக்கிறது என்று சுவருக்கு அப்பாலிருந்து சொல்லும் காது அது. பெற்ற பிள்ளையிடம் அதற்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவள் எழுந்து, சுற்றிக்கொண்டு, பிள்ளைக்கு எதிரே போய்க் கொஞ்ச தூரத்தில் நின்றாள். நாடா நிமிர்ந்து பார்த்தாள்.

தறிக்காரி உதட்டை மட்டும் அசைத்தாள். தொண்டையிலிருந்து மூச்சுகூட வரவில்லை. 'அம்மாகிட்ட ஓடி வா கண்ணு.'

நாடா படத்தைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டமாக ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மஞ்சள் சட்டை முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பந்துகளைத் தொட்டியில் பொறுக்கிப் போட்டாள். தறிக்காரி பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். பிள்ளை, அழுகிற வாய் என்ன சொல்கிறது என்று உற்றுப் பார்த்தது. அது புரியாமல் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தது.

"டாக்டர் என்ன சொல்லுவார் அண்ணி?"

"பாத்தாத்தானே தெரியும். மிஷின் வச்சா கொஞ்சம் கேக்கும்ங்கறாங்க. அடிக்கடி போய் வரணும். அதுக்குத்தான் எங்க வீட்டுல வச்சுக்கலாம்னு இவன்கிட்ட சொன்னேன். நீயும் வந்து இரு. உன்ன யாரு விட்டுட்டுப் போறாங்க."

உன்னை யார் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த வார்த்தையில் தறிக்காரிக்கு இத்தனை நாள் அடைத்திருந்த மூச்சு கொஞ்சம் இறங்கியது. "அண்ணி, நான்" என்று ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் பழக்கமில்லை.

அதற்குள் நாத்தனார் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். தறிக்காரியின் கணவன் வந்து நின்றிருந்தான். உள்ளே மனைவி அழுவதைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. கதவைத் திறக்கக் கை வைத்தவன், திறக்காமல் நின்றான்.

"நான் போய் சொல்லிட்டு வர்றேன். பாவம், பயந்து நிக்கறான்" என்று நாத்தனார் எழுந்து போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தறிக்காரி பிள்ளையோடு தரையில் உட்கார்ந்தாள். இருவரும் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே நாத்தனாரின் முதுகும் அவன் முகமும் தெரிந்தன. படிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்த கண் படிக்காமல் இருக்காது.

'தெரிஞ்சுபோச்சா?' என்றது அவன் உதடு.

நாத்தனாரின் தலை ஆடியது.

'அழுதாளா? எம்மேல கோவமா?' அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். 'நீ பிள்ள விஷயம் மட்டும்தானே சொன்ன? இன்னொண்ணு இருக்குக்கா. உங்கிட்டகூட சொல்லல.'

நாத்தனார் எதையோ கேட்டிருக்க வேண்டும். தோள் விறைத்து நின்றது. அவளுக்கும் அந்த இன்னொன்று புதிது என்று முதுகே சொன்னது.

'மிஷினுக்குப் பணம் வேணுமேக்கா' என்று தொடங்கி அவன் மெதுவாகச் சொன்னான். சொல்லும்போது பழக்க தோஷத்தில் கையும் சேர்ந்து பேசியது.

தறிக்காரியின் மடியில் இருந்த நாடா அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அப்பாவை விரலால் காட்டினாள். பிறகு அப்பா செய்த மாதிரியே தன்னுடைய இரண்டு சின்ன உள்ளங்கையையும் ஒன்றோடு ஒன்று துடைத்துக் காட்டினாள்.

"தறி எல்லாம்" என்றாள் அந்தப் பாதி எழுத்துப் பேச்சில், "வித்தாச்சாம்."